நிமிடத்துக்கு எத்தனை சொல்

ஆராய்ச்சிப் பெண் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல செய்தி கொண்டுவருகிறவர்கள் சாய்ந்து உட்காருவார்கள். முப்பத்தெட்டு வருடம் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து, மேலதிகாரிகளின் உட்காரும் விதத்தை வைத்தே அன்றைய வானிலையைச் சொன்னவன் நான், எனக்குத் தெரியும். மடிக்கணினியைத் திறந்து ஒரு கோட்டைக் காட்டினாள். இடப்பக்கம் மேசைபோல் சமமாகப் போய், நடுவில் தயங்கி, வலப்பக்கம் மெல்லச் சரிகிற கோடு. காட்டியது என் மனைவியிடம்.

“பயப்படாதீங்கம்மா. உங்க டைப்பிங்ல ஒரு மாற்றம் தெரியுது. நல்லாத் தெரிஞ்ச வார்த்தைக்கு நடுவுலயே நின்னு யோசிக்கிறீங்க. போன வருஷம் அப்படி இல்ல. மறதியோட ஆரம்பமா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம்.”

என் மனைவியின் வாயில் நாலு குண்டூசிகள் இருந்தன. துணி தைத்துக் கொடுப்பவள். யாருடைய கால்சட்டையையோ உயரம் குறைத்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுருண்டையில் குத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்த அறையில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும், அந்தக் கோடு என்னுடையது என்று.

நடந்தது இதுதான். விசைகளைத் தட்டுகிற விதத்தை வைத்து, மறதி வருவதற்கு முன்பே மறதியைக் கண்டுபிடிக்க ஒரு செயற்கை நுண்ணறிவைப் பழக்குகிறார்கள். அதற்கு ஆள் வேண்டும் என்று அந்தப் பெண் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். நான் இரண்டு கையையும் தூக்கினேன். அறுபத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்றாள். எனக்கு அப்போதே எழுபது. நிமிடத்துக்கு எண்பது சொல் அடித்தவனை ஒரு பிறந்த தேதி வாசலிலேயே நிறுத்திவிட்டது! அறுபத்து நாலு வயது மனைவி தேர்வாகிவிட்டாள். தினமும் பத்து நிமிடம், தானே தட்டுவதாகக் கையெழுத்தும் போட்டாள். சரியாகப் பதினைந்தாம் நாள், “எனக்கு ரெண்டு சட்டைக்குக் காலர் வைக்கணும், நீங்களே அடிச்சுத் தொலைங்க” என்று கணினியை என் பக்கம் தள்ளினாள். முதல் இரண்டு வாரம் பழகுவதற்காக என்று ஆராய்ச்சியிலேயே கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஆக, அந்த இயந்திரம் என் மனைவி என்று நம்பி ஒன்றரை வருடமாகப் படித்துக்கொண்டிருந்தது என்னைத்தான்.

எனக்கு அது ராஜ வாழ்க்கை. நேற்று என்ன செய்தீர்கள் என்று திரையில் ஒரு கேள்வி வரும். பத்து நிமிடம் தட்ட வேண்டும். ‘நேற்று என் கணவரைப் பார்த்தேன். இந்த வயதிலும் எத்தனை அழகு! அவரைக் கட்டியதற்கு நான் என்ன தவம் செய்தேனோ’ என்று ஆரம்பிப்பேன். தினம் ஒரு புளுகு. ஒரு நாள் நான் தீயணைப்பு வண்டியையே அணைத்தேன். இன்னொரு நாள் பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்து மயங்கி விழுந்தாள். எழுதுகிற விஷயத்தை இயந்திரம் படிக்காதாம், விசைக்கும் விசைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மட்டும்தான் பார்க்குமாம். என் மனைவியும் அப்படித்தான். நான் சொல்வதை அவள் கேட்டதே இல்லை, எங்கே மூச்சு வாங்குகிறேன் என்று மட்டும் பார்ப்பாள்.

சில மாதங்களாக விரல்கள் அங்கங்கே நின்றன. ‘கதவு’ என்று அடிக்கப் போய், ‘க’ அடித்துவிட்டு நின்றேன். கதவு எதிரேதான் இருந்தது. பழியை விசைப்பலகை மேல் போட்டேன். ஊதினேன், துடைத்தேன், தலைகீழாகத் தட்டினேன். இரண்டு பிஸ்கட் துண்டும் ஒரு சட்டைப் பொத்தானும் விழுந்தன. “பார்த்தியா, இதுதான் காரணம்” என்று பொத்தானை மனைவியிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

அதனால் ஆராய்ச்சிப் பெண்ணிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் எனக்கு அதிகம் பழக்கமில்லாத காரியம்.

“அம்மாடி, அதை அடிச்சதெல்லாம் நான்தான்.”

அவள் சிரித்துவிட்டாள். “சார், போன தடவை வந்தப்போ லிஃப்ட்டுல மூணு நாள் மாட்டிக்கிட்டு, உங்க மேனேஜரோட தோள்ல ஏறி நின்னு தூங்கினதா சொன்னீங்க.”

“அது பொய். இது நிஜம்.”

“அவர் அப்படித்தாம்மா,” என்றாள் என் மனைவி, கால்சட்டையை மடித்துக்கொண்டே. “எனக்குக் காய்ச்சல்னா தனக்கும் காய்ச்சல்னு பக்கத்துல படுத்துக்குவார். எனக்கே கொஞ்ச நாளா மறதி இருக்கு. நீங்க தேதி சொல்லுங்க, நான் வர்றேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்வது இந்த வீட்டில் என் இலாகா. அவள் சொன்ன பொய்யோ இஸ்திரி போட்டதுபோல் சுருக்கமே இல்லாமல் இருந்தது.

“நிறைய வீட்ல பார்த்திருக்கேன் சார்,” என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. “கூட இருக்கறவங்களுக்குத்தான் தாங்க முடியறதில்ல.”

“குடு அந்தப் பெட்டியை! இப்பவே அடிச்சுக் காட்டறேன். அப்பத் தெரியும் யாருக்கு என்னன்னு.”

மடிக்கணினியை என் மடிக்கு இழுத்தேன். நிற்க வேண்டும், தடுமாற வேண்டும், அதுதான் திட்டம். ஆனால் எதை அடிப்பது என்று நான் யோசிக்கும் முன்பே விரல்கள் கிளம்பிவிட்டன. தட்டச்சு வகுப்பில் ஆயிரம் முறை அடித்த பயிற்சிப் பத்தி. நில்லுங்கடா என்றேன், நின்றால்தானே? சில மாதங்களாக நட்டாற்றில் என்னைக் கைவிட்டுவந்த அதே விரல்கள், தொண்ணூற்றைந்து சொல் வேகத்தில், ஒரு பிழை இல்லாமல், குதிரைபோல் ஓடின. உள்ளதைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வரி முடிந்ததும், அந்தக் காலத்து இயந்திரத்தில் உருளையைத் தள்ளுகிற வழக்கப்படி இடது கையை ஒரு வீசு வீசினேன்.

ஆராய்ச்சிப் பெண் கை தட்டினாள். “சூப்பர் சார்! உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நீங்கதான் அம்மாவைப் பார்த்துக்கணும்.”

நேற்று என்ன செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். கேட்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை என் மனைவிக்குத் தேதி குறித்துக் கொடுத்துவிட்டு, வாசல்வரை என் கையைப் பிடித்தபடி வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். மனைவி தையல் இயந்திரத்தில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி அப்படிச் சொன்ன?”

“வேற என்ன சொல்றது?”

“அடிச்சது நான்.”

“தெரியும்.” நூலைப் பல்லால் கடித்தாள். “அடுப்பை அணைக்காம ரெண்டு தடவை வெளிய போனீங்க, அதுவும் தெரியும். எதிர்த்த வீட்டுக்காரரை அவரோட அண்ணன்னு நெனச்சு அரைமணி நேரம் பேசினீங்க.”

“அது கிண்டலுக்குப் பண்ணினது.”

“அப்படியா? அவர் அண்ணன் செத்து ஆறு வருஷம் ஆச்சு.”

நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன்.

“அவங்க உன்னைத்தானே சோதிப்பாங்க? ஒண்ணுமில்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.”

“அனுப்பட்டும். நீங்க குளிக்கற தண்ணியில முதல்ல கையை விட்டுப் பார்க்கறது யாரு? நான் முதல்ல போறேன். என்ன கேக்கறாங்க, அதட்டறாங்களா, மரியாதையா நடத்தறாங்களான்னு பார்த்துட்டு வர்றேன். அப்புறம் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்.”

எழுபத்தொரு வயதில் ஒருவன், தனக்கு வந்த நோய்க்குத் தன் மனைவி போய் வரிசையில் இடம் பிடித்துக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் அளவு நோட்டை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஊராருடைய இடுப்பு, தோள், கை நீளமெல்லாம் அதில் இருக்கிறது. டாக்டரிடம் தேதி அவள் பெயரில்தானே, புதுப் பக்கத்தின் மேலே தன் பெயரையே எழுதியிருந்தாள். நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இந்தப் பக்கம் ‘முன்பு’, அந்தப் பக்கம் ‘இப்போது’.

“முன்ன எப்படி, இப்ப எப்படின்னு கேப்பாங்களாம். விளையாடாம சொல்லுங்க. வேலையில இருந்தப்போ உங்க வேகம் நிமிஷத்துக்கு எத்தனை?”

“நூத்திப் பத்து,” என்றேன், வழக்கமான இளிப்போடு.

“நிஜத்த சொல்லுங்க.”

சான்றிதழ் வீடு மாறும்போது தொலைந்துபோயிற்று. அப்போது அது எனக்கு எத்தனை வசதியாக இருந்தது! இஷ்டத்துக்கு ஏற்றிச் சொல்லலாம், யார் கேட்பது? எண்பது என்று யாரிடம் சொன்னேன், அவர் எப்படி வாயைப் பிளந்தார் என்பதெல்லாம் நினைவிருக்கிறது. தொண்ணூற்றைந்து சொன்ன கல்யாண வீடு நினைவிருக்கிறது. நூற்றுப்பத்து சொன்ன பேருந்து நினைவிருக்கிறது. ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்க வேண்டிய எண்ணுக்காகக் கையை விட்டேன். மறுபடியும் விட்டேன்.

அவள் குனிந்து காத்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவின் முனை ‘முன்பு’ என்ற சொல்லின்மேல் விழுந்து கிடந்தது. பக்கத்தில், தாளைத் தொட்டும் தொடாமலும், பென்சில் நின்றுகொண்டிருந்தது.