மஞ்சள் முகத்தின் புன்னகை

லிமேய் அக்காவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்போதுதான் அவள் எண்ணிலிருந்து ஷூயினுக்குச் செய்தி வந்தது. "சொந்த ஊரில் ஓய்வில் இருக்கிறேன். கவலைப்படாதே." கடைசியில் புன்னகைக்கும் மஞ்சள் முகம் ஒன்று.

ஷூயின் அந்த முகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். பெரியப்பா சித்தப்பா வகையறாக்கள்தான் அந்த முகத்தை அன்பு என்று நினைத்து அனுப்புவார்கள். இளசுகள் அகராதியில் அதற்கு அர்த்தம், 'உன் மூஞ்சியும் நீயும், போய்த் தொலை.' உதடு மட்டும் சிரிக்கும், கண் சிரிக்காது. ஷூயின் ஒருதரம் கைதவறி அதை அனுப்பியதற்கே லிமேய், "செருப்பால அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காதுடி" என்று எகிறியவள். ஆக, அக்காவின் போனை ஐம்பது தாண்டிய யாரோ ஒரு மாமா கையில் வைத்திருக்கிறார்.

லிமேய் வக்கீல். பேட்டரி ஆலையில் நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்காக வழக்காடியவள். அவள் பக்கம் சாட்சி சொன்ன ஆலைத் தொழிலாளி ஒருவர் தலைமறைவாகியிருந்தார். அவளை ஆண்டர்ஸ் என்கிற டென்மார்க் நிருபரிடம் கூட்டிப்போனது ஷூயின்தான். ஆண்டர்ஸிடம் அவள் உதவியாளர். ஆள் பிடிப்பது, போன் பேசுவது, மொழிபெயர்ப்பது எல்லாம் அவள். பத்திரிகையில் பேர் மட்டும் அவருடையது. வெளிநாட்டுப் பத்திரிகைக்கு உள்ளூர்க்காரர் நிருபராக இருக்கச் சட்டம் விடாது.

ஆண்டர்ஸ் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஒரு பொம்மையை வெச்சே கண்டுபிடிச்சுட்டியா!"

"எழுதிடாதீங்க. எழுதறது அக்காவா வேற ஆளான்னு தெரிஞ்சுக்க எனக்கு இருக்கிறது அந்த ஒரு அடையாளம்தான்."

"உன் பேர் வராது ஷூயின்."

"என் பேரைப் பத்தி இங்க யார் பேசினா?"

மாமா தொடர்ந்து எழுதினார். சாப்பிட்டாயா, குளிருக்குக் கம்பளிக் கால்சட்டை உள்ளே போட்டுக்கொள், புன்னகை. நடுவில் மெல்ல, சாட்சி சொன்ன அந்த ஆலைக்காரர் இப்போது எங்கே இருக்கிறார், புன்னகை. "தெரியலைக்கா" என்று ஷூயின் பதில் போடுவாள். செய்தி வராத நாளில் தன்னையறியாமல் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாமா தட்டச்சு செய்கிறவரை அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு கணக்கு. அப்படிக் காத்திருப்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கட்டுரை வந்தது. முதல் பத்தியே மஞ்சள் முகம்தான். நிருபர்களுக்கு அப்படி ஒரு துணுக்குக் கிடைத்தால் கை சும்மா இருக்குமா?

அதோடு புன்னகை நின்றது. சில நாள் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம் வந்தது: "ஏய் குண்டு செத்துட்டேன்னு நெனச்சியா ஹஹஹஹ விட்டுட்டாங்க சனிக்கிழமை வர்றேன் நூடுல்ஸ் பண்ணி வை."

ஒரு புள்ளி இல்லை, கமா இல்லை. அச்சு அசல் அக்கா. 'குண்டு' என்று உலகத்தில் அவள் ஒருத்திதான் கூப்பிடுவாள். ஷூயின் அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. பழைய அரட்டை முழுவதும் அந்தப் போனில்தானே இருக்கிறது? மாமா உட்கார்ந்து பாடம் படித்திருந்தால்?

"நல்ல சேதிதானே?" என்றார் ஆண்டர்ஸ்.

"நீங்க எழுதறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சனிக்கிழமை அவள் நூடுல்ஸ் செய்தாள். செய்யாமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். லிமேயேதான். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது.

"ஷூயின், கதவைத் திற. குளுருது."

குரலும் அவளுடையதுதான். ஆனால் துளையில் முகம் மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கமும் சுவரோடு யார் ஒட்டி நிற்கிறார்கள்? ஆலைக்காரர் ஒளிந்திருக்கும் இடம் ஷூயினுக்குத் தெரியும். அது தெரியவேண்டியவர்கள் அக்காவைச் சும்மா விடுவார்களா? தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது.

சத்தம் கேட்டால் எரியும் படிக்கட்டு விளக்கு அணைந்தது. இருட்டில் லிமேய் காலை ஓங்கி மிதித்தாள். எரிந்தது.

"உள்ளதான் இருக்கேன்னு தெரியும்டி. வாசனை வருது."

பிறகு அவள் துளையைப் பார்த்துச் சிரித்தாள். உதடு மட்டும். அதே மஞ்சள் முகத்தின் சிரிப்பு. ஷூயின் ஒரு அடி பின்னால் போனாள்.

வெகுநேரம் கழித்துக் காலடி இறங்கியது. ஒவ்வொரு மாடியிலும் விளக்குக்காக ஒரு மிதி. ஷூயின் கதவில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டாள். கூட வேறு யாருடைய காலடியும் இல்லை. கடைசிவரை இல்லை.

ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். கீழே காரும் இல்லை, ஆளும் இல்லை. லிமேய் மட்டும் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா! மேல வாங்க!"

லிமேய் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே யார் ஒளிந்து நின்று ஷூயினைக் கூப்பிடச் சொல்கிறார்களோ என்று அவளுக்கும் தோன்றியிருக்கும். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, நடையை எட்டிப் போட்டு, வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.