விளிம்புக் கோடு

ஆறு பாட்டில்களிலும் ஒரே இடத்தில் கோடு நெளிந்தது. சக்ரபாணி ஆறாவதையும் பஞ்சுத் துணியால் துடைத்து மேஜைமேல் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கேமராவில் வலது கண்ணைப் பதித்தார். பாட்டிலின் இடது விளிம்பில் மேலிருந்து இறங்கிய கறுப்புக் கோடு பாதி வழியில் உள்ளே குழிந்து, மறுபடி வெளியே வந்து, அடிக்குப் போய்ச் சேர்ந்தது. சூடு ஆறாத கண்ணாடியை யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததைப் போல இருந்தது.

"பாட்டில் வார்த்த அச்சே சரியில்லை," என்றார், அறையில் யாரும் இல்லாவிட்டாலும்.

செகந்திராபாத் பக்கம் உப்பலில் இரண்டாவது மாடி வீடு. மகள் மஹதி வேலைக்கென்று பெங்களூருக்குப் போன பிறகு அவளுடைய அறை ஸ்டூடியோ ஆயிற்று. ஜன்னலைக் கறுப்புத் துணி அடைத்திருந்தது. பாட்டிலுக்குப் பின்னால் வெள்ளை டிரேசிங் தாளை இழுத்துக் கட்டி, அதற்கும் பின்னால் ஒரு விளக்கு. பாட்டிலின் இரண்டு பக்கமும், படத்துக்குள் வந்துவிடாத தூரத்தில், நெட்டுக்குத்தலாக இரண்டு கறுப்பு அட்டைகள். விளக்கின் வெண்மை பாட்டிலுக்குள் புகுந்து வர, அட்டைகளின் கறுப்பு அதன் இரு விளிம்புகளிலும் மெல்லிய கோடாகப் படியும். அந்தக் கோடு இல்லையென்றால் பாட்டிலே இல்லை. வெள்ளையில் வெள்ளையாகக் கரைந்துவிடும். சக்ரபாணியின் தொழிலே அந்த இரண்டு கோடுகள்தான்.

அந்த அறைக்குள் அவர் எப்போதும் முழுக்கைக் கறுப்புச் சட்டைதான் போட்டுக்கொள்வார். எதிரே நிற்கிறவனைக் கண்ணாடி விடாது, சட்டை நிறத்தோடு பிடித்து வைத்துக்கொள்ளும். பன்னிரண்டு வருஷம் முன்பு ஒரு கார்த்திகை மாதத்தில், செகந்திராபாத் அத்தர் வியாபாரி அப்துல் காதர் முதல்முறையாகப் படி ஏறி வந்தபோது இந்தக் கறுப்புச் சட்டையைப் பார்த்துவிட்டு, "மலைக்கா சாமி?" என்று கேட்டார். காரணம் தெரிந்த பிறகும் அவருக்கு இவர் சாமிதான்.

இந்த நெளிவு மூன்று மாதமாக இருக்கிறது. முதல்முறை பார்த்தபோது சக்ரபாணி அலட்டிக்கொள்ளவில்லை. இடது அட்டையின் நடுவில் ஒரு கிளிப்பைப் போட்டு லேசாக வளைத்தார். வளைக்க வளைக்க, குழிந்த இடம் நிரம்பிக் கோடு நேரானது. அன்றைக்கு அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் புகைப்படப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இயந்திர பாகங்களைப் படம் எடுத்தவர். பிரிவையே மூடியபோது வெளியே வந்தவர். அச்சில் வந்த கோணலை அட்டையில் எடுக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த பாட்டில் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்ததற்கு இன்னும். லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்கினால் நெளிவு இடம் மாறியது. திரை பழசு என்று விட்டுவிட்டார். இடது கண்ணை அவர் கணக்கிலேயே வைப்பதில்லை. பிறவியிலேயே அதற்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும்.

இன்றைக்கு அட்டை மடங்கும் அளவுக்கு வளைத்தும் கோடு நேராகவில்லை. அப்துல் காதருக்குப் போன் போட்டார்.

"பாய், உங்க பாட்டில்காரன் உங்களை ஏமாத்தறான். ஆறும் கோணல்."

"நானும் ஒரு சேதி சொல்லணும்னுதான் இருந்தேன் சாமி. போன்ல வேணாம், நக்கோ. நாளைக்கு நேர்ல வாரேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு வந்தார். கல்பகம் கொண்டுவந்த காபியை வாங்கிக்கொண்டு, "தங்கச்சி, சாமிக்கு வீட்ல சோறு போடுதியளா இல்லையா? இளைச்சுட்டாரு," என்றார்.

"பாட்டிலைப் பாத்தே வயிறு ரொம்பிடறது அவருக்கு," என்றாள் கல்பகம்.

அப்துல் காதர் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து மேஜையில் வைத்தார். போன மாதம் சக்ரபாணி எடுத்துக் கொடுத்தவை, பெரிய தாளில் அச்சிட்டிருந்தன.

"எம் மவ ஃபாத்திமாதான் முதல்ல பாத்தா. 'என்ன வாப்பா, பாட்டிலு உண்டாயிருக்கா?'ன்னு கேக்கா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அப்புறம் உத்துப் பாத்தா, ஹவ், ஆமா, வயிறு தள்ளித்தான் இருக்கு. இந்தா, இந்த எடம்."

சக்ரபாணி பார்த்தார். கோடு மேலிருந்து கீழே தூக்குநூல் விட்டதுபோல் இறங்கியது. அவர் எடுத்ததிலேயே சுத்தமான கோடு அது.

"இது நேராத்தானே இருக்கு பாய்?"

அப்துல் காதர் கல்பகத்தைப் பார்த்தார். கல்பகம் படத்தைப் பார்த்தாள்.

"வெளையாடாதீய சாமி." அவர் பையிலிருந்து ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்தார். மேஜைமேல் இருந்த பாட்டிலின் பக்கவாட்டில் அதைச் சாய்த்து வைத்தார். "பாத்துக்கிடுங்க. ஒரு தாளு நுழையுமா? பாட்டிலு சுத்தம்." பிறகு அதே ஸ்கேலை எடுத்து அச்சுப் படத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்ப இதப் பாருங்க. நடுவுல எம்புட்டு தள்ளிக்கிட்டு நிக்கி."

சக்ரபாணி குனிந்தார். படத்தில் இருந்த கோடு நேராக நின்றது. இரும்பு ஸ்கேல் குழிந்து கிடந்தது.

அவர் கையை நீட்டி ஸ்கேலின் விளிம்பை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவினார். விரலுக்கு எங்கேயும் குழி தட்டவில்லை. மறுபடி தடவினார். விரல் நேராகப் போனது. கண்ணுக்கு மட்டும் அந்த விரலும் நடுவழியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"ஆமா," என்றார் சக்ரபாணி. "தள்ளித்தான் இருக்கு. அட்டை சரிஞ்சிருக்கும். மறுபடி எடுத்துத் தரேன்."

"அதுக்கென்ன சாமி. மெதுவா எடுங்க." அப்துல் காதர் காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார்.

அன்றைக்குப் பகல் முழுவதும் சக்ரபாணி ஹாலில் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது கம்பியைப் பார்த்தால் மூன்றாவது கம்பி குழிந்தது. ஐந்தாவதைப் பார்த்தால் குழி ஐந்தாவதற்கு வந்துவிட்டது, மூன்றாவது நிமிர்ந்துகொண்டது. பார்க்கிற இடத்துக்கெல்லாம் அது கூடவே வந்தது. மெட்ரோ பிளாட்பாரத்தின் மஞ்சள் கோடு ஒருநாள் நெளிந்து தெரிந்ததும், தரையை ஒழுங்காகப் போடத் தெரியாதவர்கள் என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தன.

"கம்பியை எண்ணிண்டிருக்கேளா?" என்று கேட்டபடி கல்பகம் வந்தாள்.

அவர் சொன்னார். மூன்று மாதத்தையும், கிளிப்பையும், அட்டையையும் சேர்த்துச் சொன்னார். அவள் எதிரே உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்துச் சுருட்டினாள். கீழே தள்ளுவண்டிக்காரன் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு போனான். அவன் குரல் தெருக்கோடிவரை போய்த் தேய்ந்தது.

"மூணு மாசம் ஏன்னா சொல்லலை?" என்று கடைசியில் கேட்டாள்.

"பாட்டில்தான் கோணல்னு இருந்தேன்."

கண் மருத்துவமனையில் டாக்டர் சின்னவயதுப் பெண். கட்டம் போட்ட ஒரு தாளை நீட்டினாள். நடுவில் ஒரு புள்ளி. புள்ளியைப் பார்த்தபோது கட்டங்கள் எல்லாம் அதை நோக்கிச் சுருங்கின. வலது கண் விழித்திரையின் நடுமையத்துக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டது என்று தெலுங்கும் ஆங்கிலமுமாகச் சொன்னாள். ஊசி போட்டால் மிச்சம் இருப்பதைப் பிடித்து வைக்கப் பார்க்கலாம். நெளிந்தது நிமிராது. போகப் போக நடுவில் மங்கலாம். கோடுகள் நெளிய ஆரம்பித்த வாரமே வந்திருந்தால் பேச்சே வேறு.

"பெரும்பாலும் உடனே வந்துவிடுவார்கள் சார். கதவு நிலை வளைந்து தெரிந்தால் பயந்துவிடுவார்கள்," என்றாள்.

சக்ரபாணி தலையாட்டினார். தொழில் தெரியாதவன் பயந்து ஓடி வந்திருப்பான். அவருக்குத் தொழில் தெரிந்திருந்தது. கண் கெடக் கெட, கிளிப்பைப் போட்டு அதற்குத் தகுந்தாற்போல் அட்டையை வளைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

முதல் ஊசி போட்ட பத்தாம் நாள் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். கல்பகத்தையும் கூப்பிட்டார். அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். அவர் வளைந்த அட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டி நிறுத்தினார்.

"இடது பக்கம் கோடு எப்படி இருக்கு?"

"நேரா இருக்கு."

"நல்லா பாரு. நடுவுல?"

"நடுவுலயும் நேராத்தான் இருக்குன்னா."

அவர் கேமராவில் குனிந்தார். இதுவரை பார்த்ததிலேயே மோசமான நெளிவு. கோடு கிட்டத்தட்ட அறுந்துவிடுகிற மாதிரி உள்ளே போயிருந்தது. கை தானாக அட்டையை நோக்கிப் போயிற்று.

"தொடாதேங்கோ," என்றாள் கல்பகம்.

கையைப் பின்னுக்கு இழுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, தன் கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்த ஒன்றை அவர் ஒருமுறைகூட எடுத்ததில்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவளும் அவசரப்படுத்தவில்லை. விளக்கின் சூட்டில் டிரேசிங் தாள் ஒருமுறை முறுக்கென்று சத்தமிட்டது. பிறகு பட்டனை அழுத்தினார். ஆறு பாட்டிலுக்கும் அவள் சொல்லச் சொல்ல அழுத்தினார். கோட்டைத் தவிர வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

படங்கள் போன மறுநாள், மத்தியான சாப்பாட்டு நேரத்தில் அப்துல் காதர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"சாமி! இதுதான் சாமி கைவேலை. ஃபாத்திமா சொல்லுதா, பன்னெண்டு வருசத்துல இம்புட்டு சுத்தமா ஒண்ணு வரலைன்னு. பழைய ஆளு திரும்பி வந்துட்டாருன்னு நான் சொன்னேன்."

சக்ரபாணி தட்டில் பிசைந்த சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் ரோஜா அத்தர் வருது. இருபது பாட்டிலு. கொடுத்து அனுப்பட்டா?"

"நக்கோ பாய்."

"ஏன் சாமி?" அப்துல் காதர் சிரித்தார். "மாலையைக் கழட்டியாச்சா?"

கல்பகம் ரசக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"கழட்டியாச்சு பாய்."

சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போவது கேட்டது. "கண்ணுதானா சாமி?" என்று அப்துல் காதர் கேட்டபோது அவருடைய குரல் வேறாக இருந்தது. "அன்னிக்கு நீங்க ஸ்கேலைத் தடவினப்பவே எனக்கு..." முடிக்கவில்லை. போனை யார் முதலில் வைத்தது என்று தெரியவில்லை.

கல்பகம் ஸ்டூடியோ அறைக்குள் போய் ஜன்னலில் இருந்த கறுப்புத் துணியை அவிழ்த்தாள். பதின்மூன்று வருஷமாக வெயில் பார்க்காத சுவரில் வெயில் விழுந்தது. சக்ரபாணி கை கழுவிவிட்டு அறையின் வாசற்படியில் வந்து நின்றார். மேஜைமேல் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. தடுப்பதற்கு எதுவும் இல்லாததால் ஜன்னல், சுவர், கல்பகம், கதவு எல்லாம் அதில் ஏறியிருந்தன. வாசற்படியில் நிற்கும் ஆளும் அதில் இருந்தாக வேண்டும். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். சட்டையின் தோள்கள் தெரிந்தன. முகத்தைப் பார்க்கப் பார்க்க அது உள்ளே குழிந்து போய்க்கொண்டே இருந்தது.

"என்னன்னா பாக்கறேள்?" என்றாள் கல்பகம்.

அவர் விரலை நீட்டிப் பாட்டிலின் விளிம்பை மேலிருந்து கீழ்வரை தடவினார்.