மலைக்கு வைத்த எலும்பு

இறந்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்வது எங்கள் மங்கோலியாவில் வழக்கமில்லை. அதனால் என் கணவரை 'கிழவர்' என்றே சொல்கிறேன்.

அவர் முப்பது வருஷம் ரஷ்ய வேன் ஓட்டியவர். செங்கிஸ் கானைத் தேடி வந்த வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு நாடெல்லாம் அலைந்தார். செங்கிஸைப் புதைத்ததாகச் சொல்லும் புர்கான் கல்தூன் மலைக்கு மட்டும் போனதில்லை. வெளிநாட்டார் அதில் ஏறக்கூடாது. காசு கொடுப்பவன் போகாத இடத்துக்கு வேன் எப்படிப் போகும்? ஓய்வு வாங்கியதும் நமக்காக ஒரு தடவை போவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓய்வும் வாங்கினார், கூடவே இருமலும் வந்தது.

கோடை வரை தாங்காது என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த மாதிரிச் செய்தியை எங்கள் ஊரில் வீட்டாரிடம்தான் சொல்வார்கள். நோயாளி காதில் விழுந்தால் மனசு விட்டுப்போய்விடுமாம். நானும் விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "வெறும் சளிதானாம், கோடையில கெளம்பிடலாம்" என்றேன். பாவி, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அன்றைக்கே சாப்பாட்டு மேசைமேல் பயணம் தொடங்கிவிட்டது. உப்பு ஜாடிதான் தலைநகர் உலான்பத்தார். பிள்ளைகள் விளையாடும் ஆட்டுக் கணுக்கால் எலும்புகளை ஊர் ஊராக அடுக்கினார். செங்கிஸ் பிறந்த மேட்டுக்கு ஒன்று, அவனைக் கான் ஆக்கிய நீல ஏரிக்கு ஒன்று. மலைக்கு வைத்த எலும்பை மட்டும் குதிரைப் பக்கம் மேலே தெரியும்படி வைத்தார். எலும்பின் நாலு பக்கத்துக்கும் ஒவ்வொரு மிருகத்தின் பெயர் உண்டு; விளையாட்டில் குதிரைதான் அதிர்ஷ்டப் பக்கம்.

"ஒன்னை அடிவாரத்துல விட்டுட்டுத்தான் போவேன் கெழவி. பொம்பளைங்க ஏறக்கூடாது. அங்க வந்து அடம் பிடிக்காதே."

"ஒன் செங்கிஸ் என்ன வானத்துலேர்ந்தா குதிச்சான்? அவனையும் ஒரு பொம்பளைதானே பெத்தா. நான் ஏறினா மலை சரிஞ்சா விழும்?"

"மெதுவாப் பேசு. அவன் கல்லறை எங்கன்னு இதுவரைக்கும் எவனுக்கும் தெரியல. ஒன் வாய்க்கு அவனே எழுந்து வந்துருவான்."

"வரட்டும். ஒரு டீ போட்டுக் குடுக்கறேன்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். வராத கோடைக்கு இப்படித் தினமும் கூட உட்கார்ந்து பேசியது எனக்கு நெருப்பில் நிற்கிற மாதிரி இருந்தது.

புத்தாண்டுப் பண்டிகை முடிந்த ஒரு மத்தியானம், நிலக்கரி வாளியோடு உள்ளே வந்தேன். மேசைமேல் எலும்புகள் இடம் மாறியிருந்தன. குதிரையைக் காணோம்.

"மலை எங்க?"

"எடுத்துட்டேன்." அங்கியின் மார்புப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"முப்பது வருஷமா அதுக்குத்தானே பறந்த?"

அவர் தலை நிமிரவில்லை. ஏரிக்கு வைத்த எலும்பைக் கொஞ்சம் நகர்த்தினார். "பொம்பளைங்கதான் ஏறக்கூடாதே. அவ்வளவு தூரம் குலுங்கிட்டுப் போயி நீ கீழ சும்மா நிக்கணும். எதுக்கு? ஏரி நல்லாருக்கும், காலாற நடக்கலாம். நியாம் வண்டி ஓட்டறேன்னு சொல்லிட்டான்."

நியாம் என் தம்பி. கிழவர் தன் வண்டியை வேறு யாரையும் ஓட்டவிட்டதே இல்லை. வாளி என் கையிலிருந்து நழுவி, கரி தரையெல்லாம் உருண்டது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து சிரிச்சியே, அன்னிக்கே. நம்ம கல்யாணத்துலகூட நீ அப்படிச் சிரிக்கலையே தொல்கோர்."

அதுவரை அவர் எதிரில் அழாதவள், என் பெயரை அவர் வாயில் கேட்டதும் ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே அவர் அங்கிக்குள் கையை விட்டு அந்த எலும்பை எடுத்தேன். பழைய இடத்திலேயே குதிரைப் பக்கம் மேலாக வைத்தேன்.

"நீ மேல ஏறு கெழவா. நான் கீழ நிக்கிறேன்."

"ரொம்ப நேரமாகும்டி."

"ஆகட்டும்."

புல் முளைக்கும் முன்பே போய்விட்டார்.

கோடையில் நியாம் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். ஏரியையும் மேட்டையும் பார்த்துவிட்டு மலையடிவாரத்துக்கு வந்தோம். அவன் ஆண்களோடு ஏறிப் போனான். பயணம் கிளம்புகிறவர்கள் பின்னால் பால் தெளிப்போமே, அப்படி மலையைப் பார்த்துத் தெளித்தேன். பிறகு அவருடைய கிண்ணத்தில் டீ ஊற்றிப் புல்மேல் வைத்தேன்.

அந்த மலை கண்ணில் படும் இடத்தில் அதன் பெயரைச் சொல்லக்கூடாது. போனவர் பெயரையும் சொல்லக்கூடாது. மலையின் பெயர் செங்கிஸுடையது, அதை அவனே வைத்துக்கொள்ளட்டும். கிழவரின் பெயர் என்னுடையது.

"ஷாரவ்!" என்று கத்தினேன். "டீ ஆறுது!"

மலை ஒன்றும் சரிந்து விழவில்லை. யாரும் இறங்கி வரவுமில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.