தோள் மாற்றாமல்

தம்பியின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை ஊக்கால் சுரண்டிக்கொண்டிருந்தாள் பாரதி. வேலூர் ஆஸ்பத்திரியில் பிணத்தை அறுத்துப் பார்த்து, துணி சுற்றிக் கொடுத்தவர்கள் நகத்தைக் கவனிக்கவில்லை. தோல் பதனிடும் டேனரியில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய அவனை இறக்கியிருந்தார்கள். விஷவாயு அடித்து கோபி உள்ளேயே சுருண்டுவிட்டான்.

பன்னிரண்டாம் வகுப்பு கணக்குப் பரீட்சையில் அவன் எடுத்தது அறுபத்தொன்று. திருத்தியவர் கூட்டி முன்பக்கத்தில் போடும்போது பதினாறு என்று போட்டுவிட்டார். பெயில். விடைத்தாள் நகல் வந்து தப்பு தெரிந்தபோது காலேஜில் சீட்டெல்லாம் முடிந்திருந்தது. அடுத்த வருசம் பாத்துக்கலாங்க்கா என்று சொல்லிவிட்டு டேனரிக்குப் போனான்.

திருத்தியது யார் என்று கல்வி ஆபீசுக்கு நடையாய் நடந்து தெரிந்துகொண்டு, அவர் மேல் நடவடிக்கை கேட்டு மனு கொடுத்தது பாரதிதான். அந்த சுந்தரமூர்த்தி வாத்தியார் மாதனூரிலிருந்து ரோஜா மாலையோடு வந்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டு அவளை ஓரமாகக் கூப்பிட்டார். கட்டுக்கட்டாகப் பேப்பர் கொடுத்தார்களாம், கண் மங்கிவிட்டதாம். ரிடையர் ஆகிற நேரம், பென்சனில் கை வைத்துவிடுவார்களாம்.

"மனுவ மட்டும் வாபஸ் வாங்கிக்கம்மா. என்னால ஆனது எதுனா செய்றேன்."

"எதுனாவா சார்?"

"எதுனா."

"மொதல்ல தோள் குடுங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். வண்டி வேண்டாம், தூக்கித்தான் போவோம் என்று கோபியோடு வேலை செய்த பையன்கள் சொல்லியிருந்தார்கள். தெருமுனை வந்தால் ஆள் மாற்றிக்கொள்வது வழக்கம். அவர்களில் ஒருவனாகப் பாடைக்கு முன்பக்கம் நின்ற காஷிஃபிடம் பாரதி குனிந்து சொன்னாள்.

"அவருக்கு மட்டும் யாரும் மாத்தாதீங்க."

"சுடுகாடு ஜாஸ்தி தூரம்க்கா. ஆளு தாங்க மாட்டாரு."

"அதான்."

காஷிஃப் அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு கைலியை மடித்துக் கட்டினான்.

பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். அங்கே பாடையின் மற்ற மூன்று மூலைக்கும் புது ஆள் வந்தான். வாத்தியார் தலையைத் திருப்பி, பக்கத்தில் வந்தவனைப் பார்த்தார். அவன் ரோட்டைப் பார்த்து நடந்தான். பின்னால் வந்தவனைப் பார்த்தார். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

வீடு கழுவிவிட வேண்டும், வா என்று அம்மா கூப்பிட்டாள். பாரதி நகரவில்லை.

பாலாற்றுப் பக்கம் சுடுகாட்டுக்குக் குறுக்கு வழி இருந்தது. பாடை அதில் திரும்பவில்லை. டேனரி ரோட்டில் நேராகப் போனது. வாத்தியாரின் வெள்ளைச் சட்டை இருந்த மூலை ஒரு முறை தாழ்ந்து, நிமிர்ந்து, மறுபடி தாழ்ந்தது.

முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நடையை இன்னும் குறைத்துக்கொண்டார்கள்; அந்த மூலைக்கு யாரும் போகவில்லை.