ஆயுதக் கூடத்தில் ஒரு கட்டில்

மற்ற கைடுகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்ட பிறகுதான் மேனேஜருக்கு என் அருமை தெரிந்தது. ஜெர்மன் பேச நான் ஒருத்திதான் மிச்சம். "சீனியர் கைடா ஆக்கிடறேன்மா, போயிடாதீங்க. இன்னிக்கு உங்க குரூப்போட நானும் வர்றேன். பாத்துட்டு ஆர்டர் போட்டுடலாம்" என்றார். அவருக்கு ஜெர்மனில் வணக்கம்கூடத் தெரியாது.

காலையில் கணவரும் பிடித்துக்கொண்டார். "இதையும் விட்டுட்டு என்ன பண்ணப் போற?" இருக்கப் பிடிக்கவில்லை, போகத் தைரியமில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவளாக அரண்மனைக்குள் குழுவை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

வருஷக்கணக்காக அதே அறைகள், அதே பேச்சு. வாய் தன்பாட்டுக்கு ஓடும், மனசு எங்கோ மேயும். அன்று வாய் ஒரு அறை முந்திவிட்டது. ஆயுதக் கூடத்தில் வாள்களுக்கு நேரே கையை நீட்டி, "ராஜாவின் குறட்டை தாங்காமல் ராணி கேட்டு வாங்கிய தனிக் கட்டில் இது" என்று சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. குழு வழக்கம்போலச் சிரித்தது. வாள்களைப் படம் எடுத்தது. எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷமாக யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

பின்னாலிருந்து மேனேஜர் வந்தார். வாயெல்லாம் பல். "பிரமாதம்மா. எப்படிச் சிரிக்கறாங்க பாருங்க. புதுசா வர்றவங்களுக்கும் நீங்களே சொல்லிக்குடுங்க. அடுத்த ரூம் வேணாம், இன்னொரு பஸ் வந்து நிக்குது."

அப்போது குழுவிலிருந்த ஓர் அம்மாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "மன்னிக்கணும், நான்தான் சரியாப் பாக்கலை போலிருக்கு. அந்தக் கட்டில் எங்கே?" என்று ஜெர்மனில் கேட்டார். அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்னவாம்?" என்றார் மேனேஜர்.

"கட்டில் எங்கேன்னு கேக்கறாங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன் சார். அது அடுத்த ரூம்ல இருக்கு."

"ஒருத்தர்தானே, எதையாவது சொல்லிச் சமாளிங்க."

"சமாளிக்க வேற ஆள் பாத்துக்குங்க சார். நாளையிலேருந்து நான் வரலை."

வீட்டில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. குழுவைப் பார்த்து, சற்று முன் சொன்னது அத்தனையும் தப்பு என்றேன். ஒவ்வொருவராகக் கேமராவை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். "வாங்க" என்று அடுத்த அறைக்கு நடந்தேன்.