வாயசைப்பு

வெள்ளைத் துணி எழுந்து அமர்கிறது, கழுத்துத் துளைக்கு முன்னால் நாடா வைத்துக் கட்டிய உள்ளங்கை அகலத் துணி, மூச்சு வெளியே வரும்போது எழுகிறது, உள்ளே போகும்போது ஒட்டிக்கொள்கிறது, அதைப் பார்க்கத் தைரியமில்லாமல்தான் எட்டு மாதமாக என் மனைவியின் நெற்றியைப் பார்த்தே பேசினேன், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, எல்லாம் நெற்றியிடம், பியூலா தலையை மட்டும் அசைப்பாள், அந்தத் துணிக்குப் பின்னால்தான் எங்கள் வேதக்கோயிலிலேயே நல்ல குரல் இருந்தது என்று நினைத்தாலே கோபம் வரும், வெற்றிலைகூடப் போடாதவளுக்குத் தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும் என்றார்கள், எடுத்தார்கள், தங்கியது, எல்லாம் அவர் சித்தம் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ ஆறுதல் சொன்னபோது எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டேன், அன்று தொடங்கி நான் ஆண்டவரிடம் பேசுவதில்லை, சண்டையில்லை, பேச்சில்லை, அவ்வளவுதான்.

குரல் என்றால் எனக்கு முதலில் வருவது அந்த டிசம்பர், கல்யாணமான வருஷம், வீடு வீடாகப் போகும் கிறிஸ்துமஸ் கீத பவனி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசையில் நானும் பாடுகிறேன், மூன்றாவது வீட்டு வாசலில் பாடகர் குழுவை நடத்தும் ஆசீர்வாதம் சார் என் தோளைத் தொட்டு, கண்டக்டர் தம்பி, நீங்க பாடினா பஸ்ஸு கிளம்பப் போகுதுன்னு சனம் ஓடியாருது, வாய மட்டும் அசைங்க போதும் என்கிறார், முன்வரிசையில் பியூலா சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டை விட்டுவிடுகிறாள், அன்றிலிருந்து இருபத்தாறு வருஷம் நான் கோயிலில் வாயசைத்தவன், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அதே முன்வரிசையில் புத்தகத்தை விரித்து நின்று வாயசைக்கிறாளாம், அவளை நிற்க வேண்டாம் என்று சொல்ல ஆசீர்வாதம் சாருக்கு நாக்கு எழவில்லையாம், என்ன நெஞ்சுரம் இவளுக்கு, நானாக இருந்தால் கோயில் பக்கமே போயிருக்க மாட்டேன், நான் போகவும் இல்லை.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம், அவள் பாயை விரித்துப் பாட்டை எடுப்பாள், அடுத்து நான் வேதத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பேன், பிறகு முழங்கால் போடுவோம், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அந்த வரிசை மாறியதில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றும் பாயை விரித்தாள், பழக்கத்தில் வாயைத் திறந்தாள், கழுத்திலிருந்து காற்று மட்டும் வந்தது, பாட்டே இல்லாத வீட்டுல என்ன ஜெபம் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன், அந்த வார்த்தையைத் திரும்ப அள்ள முடியுமா, மறுநாளே டிப்போவில் கெஞ்சி டியூட்டியை மாற்றி ஏழு மணிக்கு வீட்டில் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் பாதியில் நின்றுவிட்டது, ஆட்களை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு நடந்து வருகிறேன், ஏழு அடிக்கிறது, கதவுக்கு வருமுன் ஜன்னல், ஜன்னலுக்குள் பாய், அவள் விரல் முழங்காலில் தாளம் போடுகிறது, உதடுகள் வரி வரியாக அசைகின்றன, ஒரு சரணத்தையும் விடவில்லை, பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்புகிறாள், பாட்டு முடிந்ததும் என் வேதப்புத்தகத்தை எடுத்து நான் உட்காரும் இடத்துக்கு நேரே விரித்து வைக்கிறாள், கைகட்டிக் காத்திருக்கிறாள், நான் ஓர் அதிகாரம் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், நடுவில் நான் இருமும் நேரத்தையும் சேர்த்திருப்பாள் போல, ஒவ்வொரு நாளும் இப்படித்தானா, இருநூற்றுச் சொச்சம் நாளும், நான் விட்டுப்போன இடத்துக்கு எதிரே, அங்கே நின்றுகொண்டுதான் உணர்ந்தேன், அந்த அறையில் அவள் தனியாக இல்லை, நான் யாரோடு பேச்சை விட்டேனோ அவர் ஒருநாள்கூட எழுந்து போகாமல் அந்தப் பாயிலேயே இருந்திருக்கிறார், செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே போய் உட்கார்ந்தேன், கனவா என்று அவள் என்னைப் பார்த்தாள், கனவாகத்தான் எனக்கும் இருந்தது.

என்னை மன்னிச்சிரு என்றேன், நெற்றியிடம் இல்லை, அவளிடம், அவள் பாட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்து நீங்க எடுங்க என்று சைகை காட்டினாள், எனக்குப் பாட வராதுன்னு ஊருக்கே தெரியுமே என்றேன், பக்கத்தில் கிடந்த நோட்டை இழுத்து எழுதினாள், எட்டு மாசமா நான் பாடாததையே கேட்டுக்கிட்டு இருக்காரு, உங்க பாட்டத் தாங்கிக்கிட மாட்டாரா.

எடுத்தேன், எங்கோ உச்சியில் எடுத்துவிட்டேன், அவள் உள்ளங்கையைத் தாழ்த்தி இறங்குங்க என்கிறாள், இறங்கினால் பாதாளம், மறுபடி ஏறச் சொல்கிறாள், தொண்டை கரகரக்க, கண்ணீர் மூக்கில் இறங்க, அவள் உதட்டைப் பார்த்து வரியைப் பிடித்துப் பாடுகிறேன், இரண்டாவது சரணத்தில் அவளால் முடியவில்லை, அந்த டிசம்பரைப் போலவே சிரித்துவிட்டாள், சத்தமே இல்லாமல், தோள் குலுங்க, கழுத்திலிருந்து வந்த காற்றில் வெள்ளைத் துணி படபடவென்று அடிக்கிறது, நான் நிறுத்தவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே பாடுகிறேன்.