தண்டர் பாய்ஸும் மணக்கும் கிடாரும்

ஆலங்காயம் தண்டர் பாய்ஸ் இசைக்குழுவைப் பற்றி ஆவணப்படம் எடுக்க மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், குழுவின் கிடார்க்காரன் ராஜாக்கண்ணு செய்த முதல் காரியம் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டது. இரண்டாவது காரியம், கட்டிலுக்கடியில் கிடந்த கிடாரைக் கோணிப்பைக்குள் போட்டு, பரண்மேல் ஏற்றி, அதன் தலையில் ஒரு கூடை வெங்காயத்தைக் கொட்டியது.

சாயம் எதற்கென்று ஊருக்கே தெரியும். கிடாரை ஒளித்தது எதற்கென்று அவனுக்கும் டிரம் அடிக்கும் தேவராஜுக்கும் மட்டும்தான் தெரியும். அந்தக் கிடார் சந்தன மரத்தில் செய்தது.

ஜவ்வாது மலையடிவாரத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சந்தன மரம் நம் கொல்லையிலேயே முளைத்தாலும் அது சர்க்கார் மரம். அதில் பல்குச்சி ஒடித்தவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முழுசாக ஒரு கிடாரே செய்து, அதைப் பதினாறு வருஷமாக மைக் வைத்து ஊரூராக வாசித்துக் காட்டியவனை என்ன செய்வார்கள் என்று ராஜாக்கண்ணு தினமும் படுக்கையில் யோசிப்பான். யோசித்து யோசித்துத்தான் தலைக்குச் சாயம் பூசும் நிலைமை வந்தது.

கிடார் வந்த கதை இது. எழுபதாம் வருஷம் பெங்களூருக்கு மஞ்சள் மூட்டையோடு போனவன், ஒரு கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எலெக்ட்ரிக் கிடாரைப் பார்த்தான். கடைக்காரன் விரட்டும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மலைமேல் இருக்கும் கோபால்சாமியிடம் போய், மண்ணில் குச்சியால் அதை வரைந்து காட்டினான். கோபால்சாமி சாமை விதைக்கிற ஆள். ஒழிந்த நேரத்தில் கலப்பையும் மாட்டுத்தொட்டியும் செய்வார். படத்தை நாலு பக்கமும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இதுல எங்க தண்ணி ஊத்தறது?” என்று கேட்டார். ஆனாலும் செய்தார். ஆயுத பூஜையன்று சந்தனப் பொட்டு வைத்துக் கையில் கொடுத்தபோது அக்கம்பக்கம் பார்த்து, “இன்னா மரம்னு மட்டும் கேக்காத. யாராண்டயும் மூச்சு வுடாத” என்றார். ராஜாக்கண்ணு கிடாரை மூக்கருகே கொண்டுபோனான். கமகமவென்று மணந்தது. அந்த நிமிஷமே அவனுக்குப் புரிந்துவிட்டது. 

அதன்பின் குழு வளர்ந்த கதை ஊரறிந்தது. முதல் கச்சேரி மலைமேல் ஒரு திருவிழாவில். அங்கே கரண்ட் கிடையாது என்பதால் டிராக்டர் பேட்டரியில் வாசித்தார்கள். இங்கிலீஷ் பாட்டு என்றுதான் நோட்டீஸ். பாட்டில் ‘பேபி’ என்ற ஒரு வார்த்தை மட்டும் இங்கிலீஷ். மிச்சமெல்லாம் ராஜாக்கண்ணுவின் வாயில் அப்போதைக்கு வந்தது. முதல் பாட்டுக்கே ஒரு கரடி புதரிலிருந்து வெளியே வந்து, கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, மங்களம் பாடியதும் எழுந்து போயிற்று. நட்சத்திரம் பார்க்கும் பெரிய தொலைநோக்கி இருக்கிற காவலூர்ப் பக்கம் வாசித்த அன்று கிடாரின் அதிர்வில் சனிக் கிரகத்தின் வளையம் அரை அடி நகர்ந்தது என்று தேவராஜ் சொல்வான். எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்டால் அதையும் சொல்வான்.

இந்த ஊர்களுக்கெல்லாம் போக வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். சாவடியில் மணம் தெரியாமலிருக்க, ராஜாக்கண்ணு கிடாரைக் கருவாட்டுக் கூடைக்கு அடியில் வைத்துத்தான் கொண்டுபோவான். இதனால் தண்டர் பாய்ஸ் வருவது முந்தின வளைவிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். மேடைக்கு முன்னால் முதல் இரண்டு வரிசையில் பூனைகள்தான் உட்காரும். அதைக் கலைஞர்களின் தனி பாணி என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ராஜாக்கண்ணுவின் வீடு தேடி வந்த டைரக்டர் ஆதிநாராயணன் ஒல்லியான, மரியாதையான மனிதர். தாடியைத் தடவிக்கொண்டே பேசுவார்.

“பதினாறு வருஷம் ஒரே குழு, ஒரே ஆளுங்க. மெட்ராஸ்லயே கிடையாது சார் இது. அந்தக் கிடார்ல ஒரு கொர்ர்னு இடி மாதிரி சத்தம் வருமாமே? அதுதான் படத்துக்கு உயிர். கிடாரைக் கொஞ்சம் பாக்கலாமா?”

“கிடாரு ரிப்பேருக்குப் போயிருக்குதுங்க சார். ஆறு மாசம் ஆவும்” என்றான் ராஜாக்கண்ணு.

உள்ளேயிருந்து அவன் மனைவி பூங்கோதை கோணிப்பையோடு வந்தாள். “ஏங்க, வெங்காயம் எடுக்கப் போனா உங்க கிடாரு கீது பரண்மேல! யாரு போட்டது அங்க?”

ராஜாக்கண்ணு அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அவளுக்கு விஷயம் தெரியாது. சொன்னால் அவளும் கூட்டு என்று கேஸ் வருமே என்று அவன் சொல்லாமலே வைத்திருந்தான்.

“அருமை!” என்றார் டைரக்டர். “நாளைக்குக் காலையில மலைமேல எடுக்கிறோம். ஃபாரஸ்ட் பங்களாவுல இடம் கொடுத்திருக்காங்க. ரேஞ்சர் ரங்கசாமி சார் உங்க ரசிகராம். கூடவே இருந்து பாக்கணும்னு சொன்னார். கிடார் செஞ்சவரையும் வரச் சொல்லிட்டேன், பேட்டிக்கு.”

தேவராஜ் அப்படியே டிரம்மின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

ரேஞ்சர் ரங்கசாமியின் மூக்கு அந்த வட்டாரத்தில் பேர் போனது. கணியம்பாடியில் ஒரு பெண் கன்னத்துக்குச் சந்தனம் பூசினால் மலையுச்சியில் இவருக்குத் தும்மல் வரும். புளி மூட்டைக்கடியில் சந்தனக்கட்டை வைத்திருந்த லாரியை, லாரி கிளம்புவதற்கு முந்தின நாளே மடக்கியவர்.

“மச்சான், இப்பவே சொல்லிடறேன்” என்றான் தேவராஜ், டைரக்டர் கிளம்பிப் போனதும். “கேட்டாங்கன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் வெறும் டிரம்மு.”

“பதினாறு வருஷம் கூட வாசிச்சவன்டா நீ!”

“பின்னாடி உக்காந்துனுதான வாசிச்சேன்? உன் கிடாரு எனக்கு எங்க தெரிஞ்சுது?”

மறுநாள் காலை கிடாரின்மேல் வேப்பெண்ணெய், அதன்மேல் விளக்கெண்ணெய், அதன்மேல் வழக்கமான கருவாட்டுக் கூடை. பங்களாவுக்குள் நுழைந்ததும் டைரக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அதை முகம் துடைப்பதுபோலக் காட்டினார். நல்ல பண்பு. ரேஞ்சர் ஒரு நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். பூங்கோதை எல்லாருக்கும் டீ போட பின்கட்டுக்குப் போனாள். கோபால்சாமி இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக மூலையில் நின்றார்.

இரண்டு பெரிய விளக்குகளைப் போட்டார்கள். அந்தச் சூட்டில் சுவரிலிருந்த பல்லி இறங்கி வெளியே போய்விட்டது.

“ஒரு சோகப் பாட்டா வாசிங்க” என்றார் டைரக்டர். “காதலி பஸ் ஏறிப் போறா.”

ராஜாக்கண்ணு வாசித்தான். கொர்ர் என்று இடி கிளம்பியது. நெற்றியிலிருந்து சாயம் கறுப்பாக வழிந்தது. சூடு ஏற ஏற முதலில் கருவாட்டு வாடை அடங்கியது. பிறகு வேப்பெண்ணெய் அடங்கியது. பிறகு, கிடாரின் வயிற்றிலிருந்து, கோயில் கர்ப்பக்கிருகத்தைத் திறந்ததுபோல மெல்ல ஒரு மணம் எழுந்தது. ராஜாக்கண்ணுவின் முகம் போன போக்கைப் பார்த்து டைரக்டர் கேமராக்காரரின் தோளைப் பிடித்து, “என்ன சோகம்! விடாதே, கிட்டப் போ” என்று கிசுகிசுத்தார்.

ரேஞ்சரின் மூக்கு ஒருமுறை துடித்தது. எழுந்து நின்றார்.

“நிறுத்துங்க. இந்த ரூம்ல சந்தனம் இருக்குது.”

 ரேஞ்சர் நேராக டைரக்டரிடம் போய்த் தாடிக்குப் பக்கத்தில் மோந்து பார்த்தார்.

“சந்தன சோப்பு போட்டிங்களா?”

“ஆமாங்க” என்றார் டைரக்டர், குற்றவாளிபோல.

ராஜாக்கண்ணு குலதெய்வத்துக்கு ஒரு கிடா வேண்டிக்கொண்டான்.

“அது கடைச் சந்தனம்” என்றார் ரேஞ்சர். “நான் சொல்றது நம்ம மலைச் சந்தனம்.” மூக்கு முன்னே போக அவர் பின்னே வந்தார். ராஜாக்கண்ணுவின் முன்னால் நின்றது மூக்கு. கிடா இரண்டாயிற்று.

“சார், நான் வெறும் டிரம்மு சார்!” என்றான் தேவராஜ், யாரும் கேட்காமலே.

ரேஞ்சர் கிடாரை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் ஒயர் வைக்கும் குழிக்கு ஒரு சின்ன மூடி உண்டு. திறந்தால் மணம் வெளியே வந்துவிடும் என்று ராஜாக்கண்ணு அதை ஒருநாளும் திறந்ததில்லை. லைட்காரரிடம் ஸ்குரூடிரைவர் வாங்கி ரேஞ்சர் அதைக் கழற்றினார். ராஜாக்கண்ணு இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டினான், விலங்கு மாட்ட வசதியாக.

குழிக்குள் ஒயரே தெரியவில்லை. செங்கல் கணக்காக, கெட்டியாக, மஞ்சளாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. ரேஞ்சர் குத்தி ஒரு துண்டைப் பெயர்த்து விரலில் நசுக்கினார்.

“சந்தனம்தான். ஆனா கட்டை இல்ல. அரைச்ச சந்தனம். இன்னாய்யா இது?”

டீ தட்டோடு வந்த பூங்கோதை அதைப் பார்த்துக் கத்தினாள். “ஐயோ, அத ஏங்க தோண்டறீங்க? கோயில்ல குடுக்கற சந்தனம், வருசா வருசம் ஆயுத பூசைக்கு நான் வெச்சது!”

“உள்ளயா வெப்பாங்க?”

“இன்னா பண்றது சார்? எல்லாரும் அவங்கவங்க தொழில் சாமானுக்கு சந்தனம் பூசி பொட்டு வெப்பாங்க. இவுருக்கு வெளிய பூசனா பேய் புடிச்ச மாதிரி தொடச்சிடறாரு. பூசை பாழாவக் கூடாதேன்னு மூடியத் தெறந்து உள்ள அப்பி வெச்சிடுவேன்.”

ரேஞ்சர் கிடாரின் ஓரத்தைச் சுரண்டினார். எண்ணெய்க்கும் கருவாட்டுக்கும் அடியில் மரம் மஞ்சளாகத் தெரிந்தது. மோந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“இது பலா. நல்ல பழைய பலா. மாட்டுத்தொட்டிக்கு ஆவும்.”

மூலையில் கோபால்சாமி சுவரோடு ஒட்டிக்கொண்டார். “ஐயாவுக்கு அது எப்பிடித் தெரிஞ்சுது?”

“எது?”

கோபால்சாமி வாசலை எட்டிப் பார்த்து, அங்கே யாருமில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். “எம் பொஞ்சாதி மங்கம்மா அவ அம்மா வூட்லேர்ந்து எருமையோட சேத்து ஒரு தொட்டி கொண்டாந்தா. பலாத் தொட்டி. இந்தப் புள்ள வந்து கிடாரு வோணும்னு நின்னப்ப வேற பலகை இல்ல. தொட்டிய கரையான் தின்னுடுச்சின்னு அவளாண்ட சொல்லிட்டு அறுத்துட்டேன். அதான் மூச்சு வுடாதன்னேன். ஐயா, இத மட்டும் படத்துல போட்றாதீங்க. அவ டூரிங் டாக்கீஸ் வந்தா வாரம் தவறாம போறவ.”

ராஜாக்கண்ணு தரையில் உட்கார்ந்தான். பதினாறு வருஷமாக அவன் நெஞ்சுக்குள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர், எழுந்து, சோம்பல் முறித்து, தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். அவர் போன இடம் அவ்வளவு விசாலமாக இருந்தது. மூச்சை இழுத்தால் அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பூங்கோதையின் கையிலிருந்த டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். அது ரேஞ்சருக்குப் போட்ட டீ.

“அப்போ அந்தக் கருவாடு?” என்றான் தேவராஜ்.

“வாய மூடுடா, வெறும் டிரம்மு.”

ரேஞ்சர் குழியைச் சுத்தமாக வழித்து, தூளை ஜன்னலுக்கு வெளியே தட்டிவிட்டுக் கிடாரைக் கொடுத்தார். “வாசி. நான் பாட்டு கேக்கத்தான் வந்தேன்.”

ராஜாக்கண்ணு தந்தியைத் தட்டினான். டிங் என்று வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியதுபோல ஒரு சுத்தமான ஓசை வந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி தட்டினான். டிங்.

“இடி எங்கே?” டைரக்டர் தாடியைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு இடிதானே வேணும்? இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?”

கொர்ர் என்ற அந்த இடி மரத்திலும் இல்லை, தந்தியிலும் இல்லை, ராஜாக்கண்ணுவின் விரலிலும் இல்லை. பூங்கோதையின் கைவேலை என்று அப்போதுதான் தெரிந்தது. இனி அதைத் திரும்ப அடைத்தால்தான் படம். அடைக்க வேண்டுமென்றால் அரைக்க வேண்டும். அரைக்கக் கட்டை வேண்டும். அறையிலிருந்த அத்தனை பேரும் மெதுவாகத் திரும்பி ரேஞ்சரைப் பார்த்தார்கள்.

 ரேஞ்சர் பங்களா பூஜை மாடத்துக்குப் போய், கட்டைவிரல் நீளத்தில் ஒரு துண்டை எடுத்துவந்து பூங்கோதையின் உள்ளங்கையில் வைத்தார். “கடையில பில்லு போட்டு வாங்கினது. அரைச்சுட்டு மிச்சத்தக் குடுத்துடும்மா.”

பின்கட்டில் கல்லில் அவள் அரைக்க, ராஜாக்கண்ணு பக்கத்தில் குந்தித் தண்ணீர் தெளித்தான். மலை முழுக்க மணந்தது. அவன் ரேஞ்சரைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் கெட்டியா இருக்கட்டுங்களா சார்?” என்று சத்தமாகக் கேட்டான். ரேஞ்சர், “கெட்டியாவே இருக்கட்டும்” என்றார்.

மதியத்துக்குமேல் விளக்கைப் போட்டு மறுபடி தொடங்கினார்கள். இடி திரும்ப வந்துவிட்டது. ஆனால் காதலி பஸ் ஏறிப் போகும் இடத்தில் ராஜாக்கண்ணு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“சார், அவ போயிட்டா சார்!” என்றார் டைரக்டர். “இனிமே வரவே மாட்டா!”

“போவட்டும் சார்” என்றான் ராஜாக்கண்ணு. “போற எடத்துல நல்லா இருக்கட்டும்.” இன்னும் பலமாகச் சிரித்தான்.

நான்கு தடவை எடுத்துப் பார்த்தார்கள். நான்கு தடவையும் சிரிப்புத்தான். கடைசியில் டைரக்டர் தாடியைத் தடவிக்கொண்டு, அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி விளக்கை அணைக்கச் சொன்னார்.